அரை டேங்குக்குக் கீழே போனால் முள் திடீரென்று காலி காட்டுகிறது. மீட்டரா, ஃபுளோட்டா, வயரா?

வேளச்சேரி_வண்டி | வெள்ளி, இரவு 11:20

வணக்கம். என்னுடையது 2013 மாடல் ஏழு சீட் டீசல் வண்டி. 1,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது, டேங்க் 55 லிட்டர். நாலு மாதமாக டீசல் முள் படுத்தும் பாடு தாங்க முடியவில்லை.

டேங்க் நிரப்பினால் முள் ஒழுங்காக ஃபுல்லில் நிற்கிறது. அரை டேங்க் வரை சாதாரணமாக இறங்குகிறது. அதற்குக் கீழே போனதும் ஆட்டம் ஆரம்பம். காலிக் கோட்டுக்குப் படுத்துவிடும், மஞ்சள் விளக்கு எரியும், 'டிங்' என்று மணி அடிக்கும். அடுத்த பள்ளத்தில் இறங்கி ஏறினால் மெல்ல எழுந்து பழைய இடத்துக்கு வந்து நிற்கும். எங்கள் ஏரியாவில் பள்ளத்துக்கா பஞ்சம்!

முதலில் பயந்து பயந்து பங்குக்கு ஓடினேன். போகப் போக 'புலி வருது' கதை ஆகிவிட்டது, விளக்கு எரிந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போன ஞாயிறு இரவு மாதவரத்திலிருந்து பைபாஸில் வரும்போது மதுரவாயல் தாண்டி, போரூருக்கு முன்னால், நிஜமாகவே புலி வந்துவிட்டது. எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றது. வண்டியில் மனைவி, பிள்ளைகள், மாமியார். ஆட்டோ பிடித்துப் போய் கேனில் ஐந்து லிட்டர் வாங்கி வந்து ஊற்றினேன். வண்டி எடுக்கவில்லை, ஏர் எடுத்துவிட்டது, அதாவது டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டது. பானெட்டைத் திறந்து, ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் ரப்பர் பல்பைக் கை வலிக்க வலிக்க அமுக்கி, பேட்டரி சாகிற நேரத்தில் ஒருவழியாகப் பற்றியது. நாற்பது நிமிடம். "மீட்டரப் பாக்க மாட்டீங்களா மாப்ள" என்றார் மாமியார். அவருக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பது?

சர்வீஸில் காட்டினேன். "கிளஸ்டர் போயிடுச்சு சார், மாத்தணும்" என்று 21,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள் (கிளஸ்டர் என்றால் டாஷ்போர்டில் எல்லா முள்ளும் இருக்கும் மீட்டர் பெட்டி). டேங்க் யூனிட்டைப் பார்த்தீர்களா என்றால், அதெல்லாம் நல்லா இருக்காம். பின் சீட்டைத் தூக்கவே இல்லை என்பது சீட் மேலிருந்த பிஸ்கட் தூள் கலையாமல் இருந்ததிலேயே தெரிந்தது.

இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி இரண்டு நாள் சக்கரம் மூழ்க நின்றது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? எனக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட் | வெள்ளி, இரவு 11:41

பேசாம எலக்ட்ரிக் வாங்கிடுங்க பாஸ். பர்சன்டேஜ் போன்லயே வரும்.

வேளச்சேரி_வண்டி | வெள்ளி, இரவு 11:44

21,000-க்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

பாடி_வயர்மேன் | சனி, காலை 6:15

சார், கிளஸ்டருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். இருபத்தாறு வருடமாக வயரிங் வேலைதான் பார்க்கிறேன். ஸ்பீடு முள், ஆர்பிஎம் முள், சூடு காட்டும் முள் மூன்றும் ஒழுங்காக இருந்து டீசல் முள் மட்டும் விளையாடினால், கிளஸ்டரை நான் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன். அதுவும் பள்ளத்தில் விழுந்தால் சரியாகிறது என்கிறீர்கள். பள்ளத்தில் அசைவது டேங்க்கும் அதன் வயரும்தான்.

விஷயம் சின்னது. டேங்குக்குள் ஒரு மிதவை, நாங்கள் ஃபுளோட் என்போம். அது ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். டீசல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் அடியில் ஒரு சின்னத் தகடு, பீங்கான் அட்டை மேல் உரசிக்கொண்டே நகரும். அது நகர நகர ரெசிஸ்டன்ஸ் (மின்தடை, ஓமில் அளப்பது) மாறும். அந்த ஓம் கணக்கைத்தான் மீட்டர் லிட்டராகக் காட்டுகிறது. ஆக மூன்றே இடம்: டேங்க் யூனிட் (இந்த மிதவை, கம்பி, அட்டை மொத்தமும்), வயரும் எர்த்தும் (கரண்ட் வண்டியின் பாடி வழியாகத் திரும்பும் தொடர்பு), மீட்டர்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க முதல் வேலைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். முள் ஒழுங்காக நிற்கும்போது வண்டியை நிறுத்தி இக்னிஷனை ஆன் செய்யுங்கள். பார்க் லைட் போடுங்கள், பிரேக் மிதியுங்கள், இண்டிகேட்டர் போடுங்கள். முள் அசைகிறதா பாருங்கள். பல வண்டிகளில் டேங்க் யூனிட்டும் பின் விளக்குகளும் ஒரே எர்த்தில் போய்ச் சேரும். அந்த எர்த் கெட்டிருந்தால், விளக்குக் கரண்ட் அதில் போகும்போது முள்ளும் சேர்ந்து ஆடும்.

ஓம்_விதி | சனி, காலை 7:02

வயர்மேன் அண்ணன் சொன்னதோடு ஒரு திருத்தம். இண்டிகேட்டருக்கு முள் கூடவே துள்ளுவது பழைய மீட்டர்களில். 2013 மாடல் கிளஸ்டரில் முள்ளைப் படிப்படியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும், டீசல் தளும்புவதைக் காட்டக்கூடாது என்று வேண்டுமென்றே மந்தமாக நகரும்படி செய்திருப்பார்கள். ஆகவே இண்டிகேட்டரை நம்ப வேண்டாம். பார்க் லைட், பின் ஃபாக் விளக்கு, பிரேக் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் பிடித்திருங்கள். மெதுவாக இறங்கினால் எர்த்தான்.

மாதவரம்_லாரி | சனி, காலை 8:30

இவ்வளவு படிப்பு எதுக்கு தம்பி? டேங்க் கப்ளரை, அதான் வயர் சொருகும் இணைப்பை, கழற்று, டெஸ்ட் லாம்பை ஒரு முனை பாடியில் வை, இன்னொரு முனை வயரில் வை. முள் ஏறினால் மீட்டர் நல்லது, டேங்க் யூனிட் அவுட். முப்பது வருஷமா லாரியில் இப்படித்தான் பார்க்கிறோம்.

சொல்லப்போனால் லாரியில் நாங்கள் முள்ளை நம்புவதே இல்லை. மூடியைத் திறந்து குச்சியை விட்டால் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். என் குச்சியில் 50 லிட்டருக்கு ஒரு வெட்டு போட்டு வைத்திருக்கிறேன். ஃப்யூஸும் கிடையாது, எர்த்தும் கிடையாது.

ஓம்_விதி | சனி, காலை 8:52

அண்ணே, உங்கள் பழைய லாரி மீட்டருக்கு டெஸ்ட் லாம்ப் சரி. இவர் வண்டியில் அந்த வயர் நேராக கிளஸ்டருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸுக்குப் போகிறது. அங்கே வருவது பெரும்பாலும் 5 வோல்ட். டெஸ்ட் லாம்பின் கிளிப்பைத் தவறுதலாகப் பாசிட்டிவில் மாட்டிவிட்டால் 12 வோல்ட் உள்ளே போய், இல்லாத 21,000 ரூபாய்ச் செலவு நிஜமாகவே வந்துவிடும்.

பல்புக்குப் பதில் ரெசிஸ்டர் வையுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 47, 100, 220 ஓம், கால் வாட் போதும். வகைக்கு ஒன்று வாங்கினால் கடைக்காரர் முறைப்பார், பத்து பத்தாக வாங்குங்கள், அப்படியும் டீக் காசுதான். கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கத்து இரண்டு பின்னுக்கும் நடுவில் அதைச் சொருகினால் மீட்டருக்கு அது ஒரு பொய் டேங்க். 47-க்கு ஒரு இடம், 100-க்கு ஒரு இடம், 220-க்கு ஒரு இடம் என்று முள் போய் நின்றால் கிளஸ்டரும் வயரும் தப்பித்தன.

மாதவரம்_லாரி | சனி, காலை 9:10

சரி, நீங்கள் சொன்னால் சரி. நான் குச்சியை விடுவதாக இல்லை.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட் | சனி, காலை 11:35

இப்பதான் எழுந்தேன். சீரியஸா ஒரு ஐடியா. ஓபிடி போர்ட்டில் (வண்டிக் கோளாறைப் படிக்கிற சாக்கெட்) ப்ளூடூத் டாங்கிள் சொருகி ஆப்பில் ஃப்யூயல் லெவல் பாருங்க. முள் காலி காட்டும்போது ஆப்பில் 40 சதவீதம் இருந்தா முள் மோட்டார் அவுட். ரெண்டும் சேர்ந்து விழுந்தா வர்ற சிக்னலே தப்பு.

வேளச்சேரி_வண்டி | சனி, பகல் 12:20

டாங்கிள் இருக்கிறது, போட்டுப் பார்த்தேன். வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு எல்லாம் வருகிறது. ஃப்யூயல் லெவல் மட்டும் கோடு. இந்த வண்டி அதைக் கொடுப்பதில்லை போல.

எண்ணூர்_உப்புக்காத்து | சனி, பகல் 1:05

எங்கள் ஊரில் இது வீட்டுக்கு வீடு நடப்பது. கடல் காற்றில் எர்த் போல்ட் பச்சை பூத்துவிடும். வெளியே பார்த்தால் இறுக்கமாக இருக்கும், உள்ளே கரண்ட் போகாது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். சாக்கடையும் உப்பும் கலந்த தண்ணீர் அது, காய்ந்த பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும்.

ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் குமிழைத் திறந்து ஒரு தடவை பாருங்கள். டீசல் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைவுதான், தண்ணீர் அதைவிடக் கனம், ஆகவே அடியில் தங்கும். டேங்குக்குள் தண்ணீர் போயிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் என் சந்தேகம் ஒன்று. இந்த ஈ20 வந்த பிறகுதான் ஃபுளோட் எல்லாம் அரிக்கிறது என்கிறார்களே, அதுவாக இருக்குமோ?

பாடி_வயர்மேன் | சனி, பகல் 1:30

ஈ20 என்பது எத்தனால் கலந்த பெட்ரோல் சார். இவருடையது டீசல். எத்தனாலை இந்த வழக்கில் சேர்க்காதீர்கள்.

வேளச்சேரி_வண்டி | சனி, இரவு 10:15

பார்த்துவிட்டேன்!

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, மச்சானை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். முள் அரைக்குச் சற்று மேலே. எல்லா விளக்கையும் போட்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். முதல் ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. "மாமா, காலு வலிக்குது" என்றான். அப்போதுதான் கவனித்தேன், முள் கடிகாரத்தின் மணி முள் மாதிரி, நகர்வது தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடத்தில் ஒரு கோடு முழுசாக இறங்கிவிட்டது. விளக்கை அணைத்தால் திரும்ப ஏறுகிறது.

தண்ணீர் வடிக்கும் குமிழையும் திறந்தேன். ஒரு டீக் கிளாஸில் பிடித்தேன், சுத்த டீசல், அடியில் துளி தண்ணீர் இல்லை.

பாடி_வயர்மேன் | ஞாயிறு, காலை 6:40

அருமை. இப்போது எர்த்தைத் தேடுங்கள். டேங்க் கப்ளரிலிருந்து வரும் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போங்கள், எங்கே பாடியில் போல்ட் போட்டிருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். சில கம்பெனி வண்டிகளில் அந்த எர்த் பாடிக்குப் போகாமல் தனி வயராக மீட்டருக்கே திரும்பும். உங்களுடையது விளக்குக்கு அசைகிறது என்பதால் பாடியில்தான் இருக்கும். நான் பார்த்த வரை பின் விளக்குக்குப் பின்னால், இடது பக்கம்.

கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ், இன்னொரு முனை கப்ளரின் கறுப்பு வயர். விளக்கெல்லாம் எரியும்போது எவ்வளவு காட்டுகிறது? 0.1-க்குள் இருக்க வேண்டும். ஓம் வைத்துப் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் நன்றாகத்தான் காட்டும், கரண்ட் போகும்போதுதான் சாயம் வெளுக்கும்.

வேளச்சேரி_வண்டி | ஞாயிறு, மாலை 5:50

0.9 வோல்ட் காட்டியது. இடது பின் விளக்கைக் கழற்றி, உள்ளே பஞ்சு லைனிங்கை விலக்கினால் ஒரு 10 நம்பர் போல்ட், அதில் நாலு கறுப்பு வயர். போல்ட் தலை பளபளவென்று இருக்கிறது. கழற்றினால் அடியில் ரிங் டெர்மினல் முழுக்கப் பச்சைத் தூள், பாடித் தகட்டில் துரு வட்டம். உப்புத்தாள் போட்டு வெள்ளையாகும் வரை தேய்த்து, புது டெர்மினல் அடித்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினேன்.

இப்போது 0.03 வோல்ட். விளக்கு போட்டாலும் முள் அசையவில்லை. இடது பிரேக் விளக்குகூட முன்பைவிடப் பிரகாசம். செலவு 40 ரூபாய். எல்லோருக்கும் நன்றி, மாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட் | ஞாயிறு, மாலை 6:05

21,000 எங்க, 40 எங்க. தல, கெத்து.

வேளச்சேரி_வண்டி | வியாழன், இரவு 9:30

அவசரப்பட்டு நன்றி சொல்லிவிட்டேன். இன்று தரமணி சிக்னலில் மறுபடியும் படுத்துவிட்டது. அரைக்கும் காலுக்கும் நடுவே முள் இருந்தது, படக்கென்று விளக்கும் மணியும். விளக்கு போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். சர்வீஸ்காரர் சொன்னதுதான் சரியோ?

பாடி_வயர்மேன் | வெள்ளி, காலை 6:20

இல்லை சார். இரண்டு கோளாறு இருந்திருக்கிறது, ஒன்று போயிருக்கிறது. என் மேலும் தப்பு, எர்த் கிடைத்ததும் நானும் விட்டுவிட்டேன். முதல் பதிவில் "அரைக்குக் கீழே" என்று நீங்கள் தெளிவாகவே சொல்லியிருந்தீர்கள். எர்த் மட்டும் கெட்டிருந்தால் ஃபுல்லிலும் தப்பாகக் காட்டியிருக்கும், அரைக்குக் கீழே மட்டும் என்று இடம் பார்த்து வராது.

ஓம்_விதி சொன்ன ரெசிஸ்டரை இப்போது வையுங்கள்.

ஓம்_விதி | வெள்ளி, காலை 7:45

வைத்துவிட்டு நிறுத்திய இடத்திலேயே பார்க்க வேண்டாம். 100 ஓமைச் சொருகி இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒரு நாள் முழுக்க அப்படியே ஓட்டுங்கள். இது வந்து போகும் கோளாறு, அதைப் பள்ளத்தில்தான் சோதிக்க வேண்டும். முன்னாடியே கொஞ்சம் டீசல் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை போரூரில் நிற்காதீர்கள்.

குரோம்பேட்டை_வேன் | வெள்ளி, பகல் 2:10

இழையை முழுசாகப் படித்தேன். எனக்கு டூரிஸ்ட் வேன் இருக்கிறது, நானேதான் ஓட்டுகிறேன். ஒன்று கேட்கிறேன் தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். வழக்கமாக எவ்வளவுக்கு டீசல் போடுவீர்கள்?

வேளச்சேரி_வண்டி | வெள்ளி, மாலை 6:40

ஆயிரம் ரூபாய்க்கு அக்கா. எப்போதாவது ஊருக்குப் போனால் ஃபுல். ஏன்?

குரோம்பேட்டை_வேன் | வெள்ளி, இரவு 8:00

அதுதான். ஆயிரத்துக்கு இப்போது 11 லிட்டர்கூட வராது. கால் டேங்கில் போடுவீர்கள், அரைக்குக் கொஞ்சம் கீழே வரும், மறுபடி கால் டேங்க். வருடக்கணக்கில் ஃபுளோட் அந்த ஒரு சாண் இடத்திலேயே ஏறி இறங்கியிருக்கிறது. படிக்கட்டில் எல்லோரும் மிதிக்கும் படிதான் தேயும். என் பழைய வேனில் இதேதான் நடந்தது. பள்ளி டிரிப் ஓட்டிக்கொண்டிருந்தேன், தினக் காசுக்குத் தினம் டீசல். மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது அட்டையில் அந்த இடம் மட்டும் வழித்து எடுத்த மாதிரி இருந்தது.

ஓம்_விதி | வெள்ளி, இரவு 8:25

அக்கா சொன்னது முற்றிலும் நியாயம். அட்டையில் தகடு உரசும் பாதை ஒரு இடத்தில் தேய்ந்தால், தகடு அந்த இடத்தில் வரும்போது தொடர்பு அறுந்துபோகும். அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் ஏறும், இவர் வண்டியில் அதிக ஓம் என்றால் காலி. அதனால்தான் நேராகக் காலிக்குப் போகிறது. பள்ளத்தில் டீசல் தளும்பி, தகடு நல்ல இடத்துக்கு நகர்ந்ததும் உயிர் வருகிறது.

எல்லா வண்டிக்கும் இது ஒரே திசை இல்லை என்பதை மற்றவர்கள் கவனிக்கவும். ஐரோப்பிய வகை பல யூனிட்டுகளில் காலி 10 ஓம், ஃபுல் 180 ஓம். அமெரிக்க வகையில் தலைகீழ், காலி 240, ஃபுல் 33. உங்கள் வண்டி எது என்று தெரியாமல் வயரைத் தொடாதீர்கள்.

வேளச்சேரி_வண்டி | ஞாயிறு, மாலை 4:30

நேற்று 100 ஓம் ரெசிஸ்டரோடு வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் சுற்றி வந்தேன். முள் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. கிளஸ்டர், வயர், எர்த் மூன்றும் விடுதலை.

இன்று டேங்க் கால் பாகத்துக்கு வந்ததும், கப்ளரின் டேங்க் பக்கத்து இரண்டு பின்னில் மல்டிமீட்டரை வைத்து 200 ஓம் ரேஞ்சில் பார்த்தேன். 171. மச்சான் பின்னால் நின்று வண்டியைக் குலுக்கினான். 168, 174, அப்புறம் திரையில் இடது ஓரமாக வெறும் '1'. அப்படியென்றால் அளவு இந்த ரேஞ்சைத் தாண்டிவிட்டது, அல்லது தொடர்பே இல்லை என்று அர்த்தமாம். மறுபடி 160. மறுபடி '1'.

நாளை யூனிட்டைக் கழற்றலாம் என்று இருக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்? டீசல்தானே, பயமில்லைதானே?

மாதவரம்_லாரி | ஞாயிறு, மாலை 5:00

ஒரு பயமும் இல்லை. டீசலில் தீக்குச்சியைப் போட்டால் குச்சிதான் அணையும்.

ஓம்_விதி | ஞாயிறு, மாலை 5:20

அண்ணே, தயவுசெய்து இதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். நம் நாட்டு டீசல் தரத்தில் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை, குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். சென்னை மே மாதம் 40-ஐத் தாண்டுகிறது. போதாக்குறைக்கு காமன் ரெயில் வண்டியில் (டீசலை மிக அதிக அழுத்தத்தில் தெளிக்கும் எஞ்சின்) மிஞ்சிய டீசல் எஞ்சினிலிருந்து சூடாகி ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. ஓட்டி வந்த கையோடு டேங்கைத் திறந்தால் மேலே இருக்கும் ஆவி பற்றக்கூடியதுதான். வண்டி நன்றாக ஆறிய பிறகு, காலையில், காற்றோட்டமான இடத்தில். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்.

பாடி_வயர்மேன் | ஞாயிறு, மாலை 5:45

கழற்றும் முறை: சீட்டுக்கு அடியில் தகட்டு மூடியைத் திறந்ததும் உடனே கை வைக்காதீர்கள். பத்து வருட மண் அங்கே உட்கார்ந்திருக்கும். பிரஷ் போட்டு, துணியால் துடைத்து, முடிந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அந்த மண் டேங்குக்குள் விழுந்தால் ஃபில்டர் வழியாக உங்கள் பர்ஸுக்குப் போய்ச் சேரும்.

இரண்டு டீசல் பைப் இருக்கும், ஒன்று எஞ்சினுக்குப் போவது, ஒன்று திரும்பி வருவது. மாற்றி மாட்டாமல் இருக்க ஒன்றில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுங்கள். பெரிய வளையம் இறுகிப் போயிருக்கும். உளி, சுத்தியல் என்று இரும்பால் அடிக்க வேண்டாம், மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். யூனிட்டை நேராக மேலே இழுக்காமல் சாய்த்து எடுங்கள், ஃபுளோட் கம்பி வளைந்தால் புதுக் குழப்பம். ரப்பர் ரிங்கைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பழையது டீசலில் ஊறிப் பெருத்திருக்கும், திரும்பப் பள்ளத்தில் உட்காராது.

வேளச்சேரி_வண்டி | செவ்வாய், இரவு 10:00

கழற்றியாகிவிட்டது. வளையம் மட்டும் முக்கால் மணி நேரம்.

கையில் வைத்துக்கொண்டு ஃபுளோட் கம்பியை மிக மெதுவாக மேலிருந்து கீழே இறக்கினேன், மல்டிமீட்டரை 2000 ஓம் ரேஞ்சுக்கு மாற்றிக்கொண்டு. மேலே 20 ஓம். சீராக 60, 90, 120, 135. அப்புறம் '1'. இரண்டு விரல் அகலத்துக்கு '1'. பிறகு 158, 220, அடியில் 270. டார்ச் அடித்துப் பார்த்தால், பீங்கான் அட்டையில் வெள்ளிக் கோடுகள் சீப்புப் பல் மாதிரி இருக்கின்றன. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் பல் இல்லை, வெறும் கறுப்புத் தடம். அக்கா சொன்ன படிக்கட்டேதான்.

ஃபுளோட்டைக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே டீசல் சத்தம் இல்லை, தண்ணீரில் போட்டால் நன்றாக மிதக்கிறது.

மாதவரம்_லாரி | செவ்வாய், இரவு 10:20

தம்பி, அந்தத் தகட்டு நாக்கை நோஸ் பிளையரால் ஒரு மயிரிழை பக்கவாட்டில் வளைத்துவிடு. தேயாத ஓரத்தில் உரசும். இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். காசு மிச்சம்.

பாடி_வயர்மேன் | செவ்வாய், இரவு 10:35

இதில் லாரி அண்ணன் சொல்வது வேலை செய்யும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் குடும்பத்தோடு போகும் வண்டி. வளையம் கழற்றவே முக்கால் மணி நேரம் ஆன பிறகு, பழையதையே திரும்ப உள்ளே வைக்க எனக்கு மனது வராது. லாரியில் டேங்க் வெளியே தொங்குகிறது, ஆறு ஸ்க்ரூதான், அது வேறு கணக்கு.

டேங்கைக் காய விட்டு வறட்டு வறட்டென்று ஓட்டினால் ஹை பிரஷர் பம்புக்கும் கேடு. பழைய வண்டிகளில் ஏர் எடுத்தால் வடித்துவிட்டுப் போகலாம். காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், ஆயிரம் பாருக்கு மேல் (காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல்) அழுத்தும் பம்ப் அது. டீசல் இல்லாமல் சுற்றினால் உள்ளே உரசி, அந்த இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரை போகும். அந்தச் செலவு முன்னால் 21,000 எல்லாம் சில்லறை. டீசல் வண்டிக்கு முள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நான் அடம் பிடிப்பது இதனால்தான்.

எண்ணூர்_உப்புக்காத்து | புதன், காலை 9:15

புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய யூனிட் கிடைக்குமே, பாதி விலைக்கு?

குரோம்பேட்டை_வேன் | புதன், காலை 9:50

கிடைக்கும். அந்த வண்டிக்காரரும் ஆயிரத்துக்குத்தான் போட்டிருப்பார்.

வேளச்சேரி_வண்டி | சனி, இரவு 8:45

இன்று ஜி.பி. ரோடு போய்ப் புது யூனிட் வாங்கினேன், ரப்பர் ரிங்கோடு 2,650 ரூபாய். அங்கேயும் ஒரு கூத்து. முதல் கடையில் கொடுத்ததை பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வட்டம், பைப் அமைப்பு எல்லாம் ஒன்றுதான், ஆனால் நடுவில் ஒரு மோட்டார். பெட்ரோல் மாடலுக்கானது. "உக்காரும் சார், போட்டுக்குங்க" என்கிறார் கடைப் பையன். மல்டிமீட்டரைப் பையிலிருந்து எடுத்து ஓம் பார்த்தேன், மேலே கீழே கணக்கும் வேறு. "சார் மெக்கானிக்கா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கடையிலிருந்து அவனே சரியானதை வாங்கி வந்து கொடுத்தான். அது மேலே 19, கீழே 272. நடுவில் எங்கேயும் அறவில்லை.

மாட்டியாகிவிட்டது. ரப்பர் பல்பை அமுக்கி ஏரை வெளியேற்றிய பிறகு முதல் கிராங்கிலேயே பற்றியது. பைப் மூட்டில் ஈரம் இல்லை. முள் கால் டேங்கில் உட்கார்ந்திருக்கிறது, பள்ளம், ஸ்பீட் பிரேக்கர் எதற்கும் அசையவில்லை.

வேளச்சேரி_வண்டி | அடுத்த வெள்ளி, இரவு 9:10

ஒரு வாரம் ஆகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம். நேற்று ஃபுல் டேங்க் போட்டேன். 120 கி.மீ. ஓடியும் முள் ஃபுல்லை விட்டு அசையவில்லை. அதற்கு முன்னால் பங்கில் போட்டபோது முள் ஏற ஐந்து நிமிடம் ஆனது, பங்க்காரன் ஏமாற்றிவிட்டானோ என்று சண்டைக்குப் போகப் பார்த்தேன். புது யூனிட்டும் கோளாறா?

குரோம்பேட்டை_வேன் | வெள்ளி, இரவு 9:40

டீசல் போடும்போது இக்னிஷனை ஆஃப் செய்தீர்களா? ஏசிக்காக ஆன் செய்தே வைத்திருப்பீர்கள். பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டால்தான் மீட்டர் "டேங்க் நிரப்பியாச்சு" என்று புரிந்துகொண்டு உடனே ஏறும். ஆனில் இருந்தால் ஏதோ தளும்பல் என்று நினைத்து நின்று நிதானமாக ஏறும். எப்படியும் பங்கில் எஞ்சினை அணைக்கத்தான் வேண்டும்.

பங்கின் மேல் சந்தேகம் இருந்தால் முள்ளைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஓம்_விதி | வெள்ளி, இரவு 10:05

120 கி.மீ. நிற்பது கோளாறு இல்லை. ஃபுளோட் மேல் எல்லையில் முட்டிக்கொண்டு நின்ற பிறகும் டேங்க்கின் மேல் பகுதியிலும் வாய்க்குழாயிலும் சில லிட்டர் டீசல் ஏறும். அது தீரும் வரை ஃபுளோட் இறங்காது. தவிர, டேங்க் ஒன்றும் சதுரப் பெட்டி இல்லை. அடிப்பக்கம் குறுகலாக இருந்தால் மேல் பாதி மெதுவாகவும் கீழ் பாதி வேகமாகவும் இறங்குவது போலத் தெரியும். விளக்கு எரியும் நேரத்தில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால் போதும். விளக்கு எரிந்ததும் நேராகப் பங்குக்குப் போய், ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்புங்கள்.

வேளச்சேரி_வண்டி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, பகல் 12:30

அளந்துவிட்டேன். இன்று காலை பாடி மேம்பாலத்தில் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை மதித்து நேராகப் பங்குக்குப் போனேன், சாவியை அணைத்து நிரப்பினேன். 47.6 லிட்டர் பிடித்தது. ஆக விளக்கு எரியும்போது ஏழு லிட்டர் சொச்சம் இருக்கிறது. மாமியார் பின் சீட்டில்தான் இருந்தார். "இப்ப மட்டும் ஏன் உடனே போறீங்க?" என்றார்.

மாதவரம்_லாரி | ஞாயிறு, பகல் 1:00

ஒரு குச்சி வாங்கிக் கொடுத்துவிடு தம்பி, அவரே பார்த்துக்கொள்வார்.

வேளச்சேரி_வண்டி | ஞாயிறு, பகல் 1:10

இந்த வண்டியில் டேங்க் வாய் வளைந்து வளைந்து போகிறது அண்ணே, குச்சி இறங்காது. ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.